கேள்விக்குறி வைப்பதற்கு முன்

கல்லூரி முடித்து இந்த ஆண்டு மென்பொருள் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்களில் பலருக்கு ஒரு ஸ்கீமா கோப்பைத் திறந்து காட்டி, "இதுல ஒரு மாடல் சேர்த்துடுங்க, சின்ன வேலைதான்" என்று டீம் லீட் சொல்லியிருப்பார். நீங்களும் பத்து நிமிடத்தில் சேர்த்து முடித்து, அதற்கு மேல் வரும் ஏபிஐ, திரை, டெஸ்ட் என்று அடுத்த மூன்று வாரத்தை ஓட்டியிருப்பீர்கள். நான் பேச வந்தது அந்த மூன்று வாரத்தைப் பற்றி அல்ல, அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி. நம் தொழிலில் மிக எளிதாக எழுத முடிகிற கோப்பு அதுதான். பிற்பாடு திருத்த மிகவும் கஷ்டமானதும் அதுதான்.

ப்ரிஸ்மாவை எடுத்துக்கொள்வோம். டேட்டா மாடலைச் சொல்வதற்கென்றே ஒரு சின்ன மொழியோடு வரும் கருவி அது. மாடல் என்று எழுதி, பெயர் வைத்து, அடைப்புக்குறியைத் திறக்க வேண்டும். வரிக்கு ஒரு ஃபீல்டு. முதலில் அதன் பெயர், அடுத்து அதன் வகை. இல்லாமலும் இருக்கலாம் என்றால் வகையை ஒட்டி ஒரு கேள்விக்குறி, பல இருக்கலாம் என்றால் சதுர அடைப்பு. கடைசியில் @ போட்டுத் தொடங்கும் குறிப்புகள். இலக்கணம் ஏறக்குறைய இவ்வளவுதான், அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒரு மருத்துவமனையின் பதிவு மேசைக்கு இப்படி ஒரு மாடல் எழுதுகிறோம் என்று வையுங்கள். உண்மைக் கோப்பில் எல்லாமே ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். படிக்க வசதியாக இங்கே தமிழில் தருகிறேன்.

மாடல் நோயாளி {
  எண் இன்ட் @ஐடி
  முதல்பெயர் ஸ்ட்ரிங்
  குடும்பப்பெயர் ஸ்ட்ரிங்
  பிறந்ததேதி டேட்டைம்
  கைபேசி இன்ட் @யுனீக்
  மின்னஞ்சல் ஸ்ட்ரிங்? @யுனீக்
  ஆண் பூலியன்
  வருகைகள் வருகை[]
}

இதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. வருகை என்ற மாடலையும் முறையாக எழுதிவிட்டால் கருவி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும், டேபிளையும் உருவாக்கித் தரும். ஏஐ உதவியாளரிடம் "நோயாளிக்கு ஒரு மாடல் கொடு" என்று கேட்டாலும் இதற்குப் பக்கத்துச் சாயலில் ஒன்றுதான் நொடியில் வந்து நிற்கும். ஆனால் நம் ஊர்ப்பக்கத்து மருத்துவமனை எதிலும் இதை வைத்துக்கொண்டு ஒரு காலைநேரத்தைக்கூடத் தள்ள முடியாது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், இதே போன்ற ஒரு மாடலைத் தாளில் அச்சடித்து, ஒரு சிறு நகரத்து மருத்துவமனையில் பதிவு நோட்டு எழுதிவந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டியிருக்கிறேன். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. படித்ததெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு. ஆனால் ஒவ்வொரு வரியையும் நான் சாதாரணப் பேச்சாக மாற்றிச் சொன்னதும் அவருக்கு உடனே பிடிபட்டது.

"ஒரு ஃபோன் நம்பர் ஒருத்தருக்குத்தான். அதே நம்பர்ல இன்னொருத்தரைப் பதிய முடியாது. சரியாக்கா?"

"அது எப்படிப்பா? வீட்டுக்கே ஒரு நம்பர்தான் குடுப்பாங்க. மருமக நம்பரா இருக்கும். கெழவிக்கும் அதான், கைக்கொழந்தைக்கும் அதான்."

"பிறந்த தேதி கட்டாயம் வேணும்."

"பாதிப் பேருக்குத் தெரியாது. வயசைக் கேட்டு எழுதுவோம். அதுவும் 'ஒரு அறுவது இருக்கும்'னுதான் சொல்வாங்க."

"பேர் கட்டாயம்."

இதற்கு அவர் சற்று யோசித்தார். பிறகு சொன்னது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது: "பொறந்த கொழந்தைக்கு ஏதுப்பா பேரு? அம்மா பேரைப் போட்டு, இன்னாரோட கொழந்தைன்னு எழுதிவைப்போம். பேரு வைச்சப்புறம் வந்து மாத்திக்குவாங்க. ஆக்சிடென்ட் ஆகி நினைவில்லாம வர்றவங்க இருக்காங்க, அவங்களுக்கும் பேரு தெரியாது. அதுக்காகப் பாக்காம இருக்க முடியுமா?"

அந்த மேசையில் கால்மணி நேரத்தில் கிடைத்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அவருக்கு இது தெரியும் என்பதே அதுவரை அந்தத் திட்டத்தில் யாருக்கும் தெரியாது. யாரும் அவரைக் கேட்டதில்லை. தேவைகளை எல்லாம் நிர்வாகியிடம் கேட்டு எழுதி வாங்கியிருந்தார்கள்.

நான் உங்களிடம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். எளிமையான ஸ்கீமா மொழியின் பெரிய பலன் நம்மால் வேகமாக எழுத முடிகிறது என்பதில் இல்லை. நிரல் தெரியாத ஒருவருக்கு அதைப் படித்துக் காட்டி, "இது சரியா?" என்று கேட்க முடிகிறது என்பதில் இருக்கிறது. ஜாவா கிளாஸையோ பைத்தான் ஃபங்ஷனையோ பதிவு மேசைக்காரரிடம் படித்துக் காட்ட முடியாது. இதை முடியும். அந்த வசதியைத்தான் நாம் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறோம்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், நமக்கு நெருங்கிய விஷயம் என்பதால். முதல்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு வரியும், இரண்டிலும் கேள்விக்குறி இல்லாததும், எல்லா மனிதருக்கும் இரண்டு பெயர் உண்டு என்ற கட்டளை. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. இருப்பது தகப்பனாரோ ஊரோ தரும் இனிஷியல். கட்டாய ஃபீல்டை நிரப்பியாக வேண்டுமே என்று ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் அப்பா பெயரை முழுசாகப் போடுவார், ஒருவர் புள்ளி வைப்பார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு முறை அடிப்பார். நாலு வருடம் கழித்து அந்த டேபிளில் ஒருவரைத் தேடிப் பாருங்கள், அப்போது புரியும். ஆதார் வடிவமைக்கப்பட்டபோது பெயரை ஒரே ஃபீல்டாக வைத்தார்கள். இந்தியா முழுவதும் ஆட்களைப் பதிய வேண்டிய ஒரு திட்டத்துக்கு அது நிதானமான முடிவு என்பேன். மறுபக்கம் 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். குடும்பப்பெயர் பகுதி காலியாக உள்ள கடவுச்சீட்டோடு பயணிக்கும் தமிழர்கள் அந்த நாட்களில் பட்ட பதற்றத்தை யோசித்துப் பாருங்கள். அந்த விதியை ஸ்கீமாவில் எழுதினால் இரண்டு ஸ்ட்ரிங் ஃபீல்டு, இரண்டிலும் கேள்விக்குறி கிடையாது. அவ்வளவுதான்.

சரி, கேள்விக்குறிக்கு வருகிறேன். இந்தச் சின்ன மொழிகளில் மிகவும் கவனிக்க வேண்டியது எழுதுகிற குறியைவிட, எழுதாமல் விடுகிற இடம். ஒரு ஃபீல்டின் பெயரையும் வகையையும் மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் அதற்கு என்ன பொருள்? மொழிக்கு மொழி பதில் மாறுகிறது.

ப்ரிஸ்மாவில் ஒன்றும் போடாவிட்டால் அது கட்டாயம். எஸ்க்யூஎல்லில் ஒன்றும் போடாவிட்டால் அது காலியாக இருக்கலாம். கட்டாயம் என்றால் நாட் நல் என்று தனியாக எழுத வேண்டும். கிராஃப்க்யூஎல்லிலும் ஒன்றும் போடாவிட்டால் நல் வரலாம், கட்டாயத்துக்கு ஆச்சரியக்குறி. அங்கே அப்படி வைத்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஒரு கேள்விக்கான பதில் பல சேவைகளிலிருந்து திரட்டப்பட்டு வரும். அவற்றில் ஒன்று விழுந்தால் அந்த ஃபீல்டு மட்டும் நல் ஆகி மற்றவை போய்ச் சேர வேண்டும். ஆச்சரியக்குறி போட்ட ஃபீல்டு கிடைக்காமல் போனால், அது இருக்கும் பொருள் முழுவதுமே நல் ஆகிவிடும்; அந்தப் பொருளும் ஆச்சரியக்குறிக்குள் இருந்தால் அதற்கும் மேலே உள்ளது போய்விடும். ஒரு படத்தின் முகவரி கிடைக்கவில்லை என்பதற்காக முழுத் திரையும் காலியாவது இப்படித்தான்.

நான்காவது, நிரல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தியின் வடிவத்தைச் சொல்லும் புரோட்டோபஃப். இதன் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மிகத் திறமையான பொறியாளர்களும் இந்த ஒரு குறியோடு எவ்வளவு மல்லுக்கட்டினார்கள் என்று அது காட்டுகிறது. கூகுளுக்குள் பயன்பட்டு, 2008இல் பொதுவில் வந்தது. அப்போதைய வடிவத்தில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் முன்னால் ரிக்வயர்ட், ஆப்ஷனல், ரிப்பீட்டட் மூன்றில் ஒன்றை எழுதியாக வேண்டும். ரிக்வயர்ட் என்று ஒருமுறை எழுதியது பின்னால் பெரிய தொல்லையானது. காரணம் எளிது. இனிமேல் இந்த ஃபீல்டு வேண்டாம் என்று புதிய நிரலில் எடுத்துவிடுகிறீர்கள். ஆனால் பழைய நிரல் எங்கோ ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஃபீல்டு இல்லாத செய்தி வந்ததும் அது முழுச் செய்தியையும் தள்ளிவிடுகிறது. நடுவில் செய்தியை வாங்கி அப்படியே கைமாற்றுகிற, அந்த ஃபீல்டைப் பற்றி அக்கறையே இல்லாத நிரலும் அதைத் தள்ளும். எல்லா சர்வரையும் ஒரே நொடியில் மாற்ற முடியாத இடத்தில், ரிக்வயர்ட் என்பது எடுக்கவே முடியாத ஆணி.

ஆகவே 2016இல் வந்த புரோட்டோ3இல் ரிக்வயர்ட் என்பதையே மொழியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கூடவே எண், எழுத்து போன்ற எளிய வகைகளில் ஆப்ஷனலும் போயிற்று. ஒரு எண் ஃபீல்டுக்கு மதிப்பு வராவிட்டால் அது பூஜ்யம், அவ்வளவுதான். இது வேறொரு சிக்கலில் கொண்டுபோய் விட்டது. பாக்கித் தொகை 0 என்று வந்தால், பாக்கி இல்லை என்று பொருளா, யாரும் நிரப்பவில்லை என்று பொருளா? இரண்டையும் பிரித்தறிய வழியில்லாமல் ஆளாளுக்குச் சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். கடைசியில் 2021இல் ஆப்ஷனல் திரும்பவும் மொழிக்குள் வந்தது. ஒரு சொல்லை வைத்து, எடுத்து, பாதியைத் திரும்ப வைக்க இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

இதிலிருந்து 'எல்லாவற்றுக்கும் கேள்விக்குறி போட்டுவிட்டால் தப்பித்தோம்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்த திட்டங்களையும் பார்த்திருக்கிறேன். எந்த ஃபீல்டையும் நம்ப முடியாமல், நிரலின் ஒவ்வொரு வரியிலும் "இது இருக்கிறதா?" என்று கேட்டுக்கேட்டுத்தான் நகர வேண்டியிருக்கும். கேள்விக்குறி போடும்போது உங்களால் ஒரு வாக்கியம் சொல்ல முடிய வேண்டும். "இவரது பிறந்த தேதி இல்லாமல் இருக்கலாம், ஏனென்றால் வந்தவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்." அந்த 'ஏனென்றால்' வராவிட்டால் இன்னும் யாரிடமோ கேட்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

கேள்விக்குறியும் யுனீக்கும் ஒரே வரியில் சேரும்போது மட்டும் கூடுதலாக ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். மேலே மின்னஞ்சல் அப்படித்தான் இருக்கிறது. நல் என்று வைத்த வரிகள் எத்தனை இருந்தாலும் போஸ்ட்கிரெஸ் ஆட்சேபிக்காது. எஸ்க்யூஎல் சர்வர் ஒரே ஒரு நல்லைத்தான் அனுமதிக்கும். இதைவிட அடிக்கடி நடப்பது வேறு. திரையில் மின்னஞ்சலை நிரப்பாமல் விட்டால் படிவம் அனுப்புவது நல் அல்ல, வெற்று ஸ்ட்ரிங். டேட்டாபேஸுக்கு அதுவும் ஒரு மதிப்பு. காலையில் மின்னஞ்சல் இல்லாமல் வரும் முதல் நோயாளி பதிவாகிவிடுவார். அடுத்து அப்படி வருபவருக்கு "இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே உள்ளது" என்று பிழை வரும். மேசையில் இருப்பவருக்கு அது என்னவென்றே புரியாது. பின்னால் வரிசை நீளும்.

வகைகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இவற்றில் பலவற்றை வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். கைபேசி எண்ணுக்கு இன்ட் போட்டிருக்கிறோம். போஸ்ட்கிரெஸில் அது தாங்கும் மிகப்பெரிய எண் 2147483647. ஒன்பதில் தொடங்கும் பத்து இலக்க எண் அதற்குள் அடங்காது. பிக்இன்ட் போட்டால் அடங்கும், ஆனால் +91 போய்விடும், முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். யாரும் கைபேசி எண்களைக் கூட்டிப் பார்க்கப் போவதில்லை, ஸ்ட்ரிங் போதும். அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கும் அதே. பணத்துக்கு ஃப்ளோட் வேண்டவே வேண்டாம். கணினியில் 0.1ஐயும் 0.2ஐயும் ஃப்ளோட்டாகக் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது, கணக்குப்பிள்ளை மாதக் கடைசியில் ஒரு காசு இடிக்கிறது என்று உங்களைத் தேடிவருவார். டெசிமல் வையுங்கள், அல்லது பைசாவாக முழு எண்ணில் வையுங்கள்.

பிறந்த தேதிக்கு டேட்டைம் போட்டதில் ஒரு பொறி இருக்கிறது. 1990 மார்ச் 5 என்று நம் ஊரில் ஒருவர் பதிகிறார். திரை அதை அன்றைய நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்கிறது. நாம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், சேமிக்கும்போது அது மார்ச் 4, மாலை 6:30 ஆகிறது. அந்தத் தேதியை மட்டும் கிள்ளி எடுத்து ஒரு சான்றிதழில் அச்சடித்தால் ஒரு நாள் முன்னதாகப் பிறந்துவிடுவார். பிறந்தநாளுக்கு நேரமே தேவையில்லை. தேதி மட்டும் வைக்கிற வகையைக் குறிப்பிட்டுச் சொல்ல ப்ரிஸ்மாவில் வழி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். தேதி தெரியாதவருக்கு ஆண்டு மட்டும் வைக்க ஒரு தனி ஃபீல்டு. ஆதாரிலும் பிறந்த ஆண்டை மட்டும் தந்து பதிய இடம் உண்டு.

ஸ்ட்ரிங்குக்கு நீளம் வைப்பது நம் எழுத்துக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். செந்தில்குமார் என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் 14. யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்பதால் 42. நீளத்தைப் போஸ்ட்கிரெஸ் 14 என்று எண்ணும். பைட் கணக்கில் அளக்கும் டேட்டாபேஸ்களில் அது 42. நாற்பது இடம் தாராளம் என்று ஒருவர் நினைத்து எழுதிய ஃபீல்டில் செந்தில்குமாருக்கு இடமில்லாமல் போகும்.

'ஆண் பூலியன்' வரியை விளக்கத் தேவையில்லை என்று நம்புகிறேன். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் 2014இல் அங்கீகரித்தது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்னே 2008இல் திருநங்கையருக்கு நலவாரியமே அமைந்துவிட்டது. பூலியன் அவர்களை வாசலிலேயே நிறுத்துகிறது. மதிப்புகளைப் பட்டியலிடும் enum வகையை வைத்து, சொல்ல விரும்பாதவருக்கும் ஒரு மதிப்பு வையுங்கள். போஸ்ட்கிரெஸில் enum வகையில் புதிய மதிப்பைச் சேர்ப்பது சுலபம், இருப்பதை எடுப்பது சுலபமல்ல. ஆகவே சேர்ப்பதற்கு முன்பும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருகைகள் என்ற வரி இரண்டு மாடல்களைக் கட்டுகிறது. ஒரு நோயாளிக்குப் பல வருகை; ஒவ்வொரு வருகையிலும் அது எந்த நோயாளியுடையது என்று சொல்ல எதிர்ப்பக்கத்தில் ஒரு ஃபீல்டு. இது எல்லோருக்கும் சரியாக வந்துவிடும். தவறுவது, நோயாளியை நீக்கினால் வருகைகள் என்னாகும் என்ற கேள்வியில். கட்டாய உறவாக இருந்து நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், வருகை இருக்கும்வரை ப்ரிஸ்மா நோயாளியை நீக்கவிடாது. கேள்விக்குறி போட்ட உறவாக இருந்தால் வருகை தங்கும், அது யாருடையது என்ற தகவல் மட்டும் அழியும். இரண்டும் வேண்டாம், பிழை வந்துகொண்டே இருக்கிறது என்று கேஸ்கேட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. அதன்பிறகு இரட்டைப் பதிவு என்று நினைத்து யாரோ ஒரு பெயரை நீக்கினால், அவருடைய எல்லா வருகையும், அதே சொல்லால் வருகையோடு கட்டிய மருந்துச் சீட்டும் ரசீதும் சேர்ந்து போய்விடும். உள்நோயாளிகளின் பதிவேட்டை மூன்றாண்டுகள் காக்க வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறையே சொல்கிறது. கேஸ்கேட் எழுதும் முன் மேசை அக்காவிடம் கேட்க வேண்டிய கேள்வி: "பழைய நோட்டுல ஒரு பக்கத்தை எப்பவாவது கிழிச்சிருக்கீங்களா?" அடித்துத் திருத்துவார்களே தவிர, கிழிக்க மாட்டார்கள்.

இத்தனையும் பார்த்து எழுதினாலும் ஸ்கீமா மாறத்தான் செய்யும். மாற்றுவதில் இரண்டு விஷயத்தை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பெயர் மாற்றம். மின்னஞ்சல் என்ற ஃபீல்டை ஈமெயில் என்று மாற்றிவிட்டு மைக்ரேஷனை ஓட்டினால், நீங்கள் பெயரை மாற்றினீர்கள் என்று ப்ரிஸ்மாவுக்குத் தெரியாது. ஒரு நெடுவரிசை போயிற்று, புதிதாக ஒன்று வந்தது என்றே அது எடுத்துக்கொள்ளும். பழைய நெடுவரிசையை அதிலிருக்கும் தரவோடு நீக்கும் கட்டளையைத்தான் எழுதித் தரும். டேபிளில் தரவு இருந்தால் எச்சரிக்கையும் வரும்; அவசரத்தில் ஒய் அழுத்திவிடுவோம். மைக்ரேஷனை ஓட்டாமல் உருவாக்க மட்டும் செய்து, அந்த எஸ்க்யூஎல்லைத் திறந்து, நீக்கு-சேர் என்று இருப்பதைப் பெயர்மாற்று என்று நீங்களே திருத்த வேண்டும். அல்லது டேபிளில் பழைய பெயரையே விட்டுவிட்டு, மாடலில் மட்டும் @மேப் கொண்டு புதுப்பெயர் தரலாம். எதுவானாலும் உருவான எஸ்க்யூஎல்லைப் படிக்காமல் ஓட்டாதீர்கள்.

இரண்டு, புரோட்டோபஃபின் எண்கள். அதில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு எண் தருகிறோம். கம்பியில் போவது அந்த எண்தான், பெயர் போவதில்லை. ஒன்றிலிருந்து பதினைந்து வரையான எண்கள் வகையோடு சேர்ந்து ஒரே பைட்டில் அடங்கும் என்பதால் அடிக்கடி வருபவற்றுக்கு அவற்றைக் கொடுப்பது வழக்கம். ஒரு ஃபீல்டை நீக்கிவிட்டு அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுத்தால், வகையும் பொருந்திப்போகும்போது, பழைய கோப்பில் உள்ள இரத்த அழுத்தம் புதிய நிரலில் எடையாகப் படிக்கப்படும். பிழைச் செய்திகூட வராது. அதனால்தான் ரிசர்வ்ட் என்ற சொல் அந்த மொழியில் இருக்கிறது: நீக்கிய எண்ணை இனி யாரும் எடுக்கக்கூடாது என்று எழுதிவைக்க.

நிரலாளர் அல்லாதவரும் படிக்கும்படி தரவை விவரிப்பது நம் தலைமுறையின் கண்டுபிடிப்பு அல்ல. 1959இல் கோபால் (COBOL) மொழியைத் திட்டமிட்டவர்கள், நிர்வாகம் பார்க்கிறவர்களும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதை ஒரு குறிக்கோளாகவே வைத்தார்கள். அதில் தரவுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஒரு ஃபீல்டு எத்தனை இலக்கம் என்பதை 9 என்ற குறியை அடுக்கிக் காட்டுவார்கள்: ஆண்டுக்கு இரண்டு 9 போட்டால் இரண்டு இலக்கம். இடம் விலையுயர்ந்த காலத்தில் இரண்டு 9 போட்டுவிட்டார்கள், அந்த நிரல்கள் எழுதியவர்கள் நினைத்ததைவிட நீண்ட காலம் ஓடின. 2000 நெருங்கியபோது உலகம் முழுவதும் அந்த வரிகளைத் தேடித்தேடித் திருத்த வேண்டியிருந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து ஆயிரக்கணக்கானோர் அந்த வேலைக்குப் போனார்கள். இன்று நீங்கள் சேர்ந்திருக்கும் தொழில் இங்கே வேரூன்றியதில் அதற்கும் பங்குண்டு. படிக்கும்படிதான் எழுதியிருந்தார்கள். "இது 1999ஐத் தாண்டியும் ஓடுமா?" என்று அந்த வரியை வைத்துக்கொண்டு கேட்க வேண்டியவர்கள் உட்கார்ந்து கேட்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த முறை ஒரு மாடலைச் சேர்க்கச் சொன்னால், அதை எழுதி, அச்சடித்து, அந்தத் தகவலைத் தினமும் கையால் எழுதுகிறவர் யாரோ அவரிடம் போங்கள். மருத்துவமனை என்றால் பதிவு மேசை, கிடங்கு என்றால் சரக்கை எண்ணி இறக்குகிறவர், பள்ளி என்றால் சேர்க்கைப் பதிவேடு எழுதுகிற அலுவலக உதவியாளர். மேலாளரோடு நிறுத்திவிடாதீர்கள், மேலாளருக்கு அறிக்கை தெரியும், நோட்டு தெரியாது. இன்ட், ஸ்ட்ரிங் என்று வாசிக்காமல் ஒவ்வொரு வரியையும் ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். கேள்விக்குறி இல்லாத வரிக்கு, "இது இல்லாம யாராவது வந்திருக்காங்களா?" யுனீக் உள்ள வரிக்கு, "ரெண்டு பேருக்கு இது ஒண்ணா இருந்திருக்கா?" சதுர அடைப்புக்கு, "இது எத்தனை வரைக்கும் போகும்?" அவர் எழுதும் நோட்டையும் பத்துப் பக்கம் புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதியவை, அடித்துத் திருத்தியவை, கட்டத்துக்குள் இரண்டு மதிப்பைத் திணித்தவை எல்லாம் உங்கள் ஸ்கீமாவில் இன்னும் இடம் கிடைக்காதவை.

டீம் லீட் இதற்கு நேரம் இல்லை என்று சொல்லலாம். அரைநாள் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் தொலைபேசியில் கால்மணி நேரம் பேசுங்கள். திரும்பி வந்ததும், கேட்டறிந்த காரணங்களை அந்தந்த வரிக்கு மேலேயே கருத்துரையாக எழுதிவையுங்கள். ப்ரிஸ்மாவில் மூன்று சாய்கோடு போட்டு எழுதினால் அது ஃபீல்டோடு சேர்ந்தே போகும். "கைபேசி: வீட்டுக்கு ஒரே எண் இருக்கும், யுனீக் போடக்கூடாது" என்று ஒரு வரி. நீங்கள் வேறு வேலைக்குப் போனபிறகு அந்தக் கோப்பைத் திறக்கும் இன்னொரு தம்பி, யுனீக் விட்டுப்போயிற்று என்று நினைத்துச் சேர்க்கப் போகும்போது அதைப் படிப்பான்.

அன்புடன்,
உங்களுக்குச் சில ஆண்டுகள் முன்னால் இந்த வேலைக்கு வந்த ஒருவன்